கீழக்கரையிலிருந்து வயதான அம்மா அப்பாவோடு லே போகிறோம். மலைக்கு நடுவே இறங்கும் அந்த விமான நிலையம் ஆபத்தானதா?

தாராளமாகக் கூட்டிப் போங்கள். காலை விமானமாக மட்டும் பாருங்கள்.

நான் பட்டாளத்தில் இருந்தவன். லடாக்கில் இருந்த காலத்தில் லீவுக்கு வந்து போனதெல்லாம் அந்த ஓடுபாதை வழியாகத்தான். இப்போது உச்சிப்புளிப் பக்கம் இருக்கிறேன்.

லே விமான நிலையம் கிட்டத்தட்ட 10,700 அடி உயரத்தில் இருக்கிறது. கோடை நாளில் அங்கே காற்றின் அடர்த்தி நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் விமானம் மேலே எழும்ப இங்கே ஓடுவதைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதல் வேகம் பிடிக்க வேண்டும். இன்ஜினுக்கோ அங்கே பலம் குறைவு. வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் லேசாகும். 2024 ஜூலைக் கடைசியில் வெயில் கூடிப்போனதாலேயே லே விமானங்கள் சில ரத்தாயின.

அடுத்தது காற்றின் திசை. ஓடுபாதைக்குக் கிழக்கே நிலம் உயர்ந்துகொண்டே போகிறது. ஆகவே பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்து இறங்கி, மேற்குப் பார்த்தே கிளம்புவார்கள். மத்தியானத்துக்கு மேல் சிந்துப் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து காற்று பிடித்துவிட்டால், இறங்குகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். நிறுத்துவதற்குப் பாதை போதாது.

அங்கே ஓட்டுகிற விமானிகளுக்குத் தனிப் பயிற்சி உண்டு. வழியில் ஒரு இன்ஜின் நின்றால் எந்தப் பக்கம் தப்பிப்பது என்பதைக் கிளம்பும் முன்பே வகுத்து வைத்திருப்பார்கள். லே வரை போய், இறங்காமல் டெல்லிக்கே திரும்புவதும் நடக்கும். உள்ளே சிலர் கத்துவார்கள், எனக்கு அது எரிச்சலாக இருக்கும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்களே, அதற்காக நாம் டிரைவரிடம் சண்டைக்கா போனோம்?

அதனால் திரும்பும்போது ஒரு நாளாவது கையிருப்பு வையுங்கள். லேயிலிருந்து கிளம்புகிற அன்றைக்கே சென்னையில் சேது எக்ஸ்பிரஸ் டிக்கெட் போட்டு வைப்பது வீண் வேலை.

உண்மையில் நான் பயப்படுவது இறங்கிய பிறகுதான். கடல்மட்டத்திலேயே வாழ்ந்தவர்களை டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் விடுகிறீர்கள். போவதற்கு முன் இதயம், பிரஷர் எல்லாம் டாக்டரிடம் காட்டுங்கள். உயர நோய்க்கான மாத்திரையும் அவர் சொன்னால்தான். முதல் இரண்டு நாள் அறையிலேயே ஓய்வு. லேயைவிட உயரத்தில் இருக்கும் கர்துங் லா கணவாய்க்குப் போகும் ஆசையெல்லாம் பிறகு. லேசான தலைவலி பலருக்கு வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும், காலை விமானத்தில் கீழே போய்விடலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைக்கச் சொல்லுங்கள்.