77-ஆவது நிமிடம்

கேள்வி: சீசன் டிக்கெட் விலையேற்றத்தை இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களால் தடுக்க முடியாதா?
– வாசகர், கோவை

பதில்: ஒருமுறை தடுத்திருக்கிறார்கள். லிவர்பூல் கழகம் தனது புதிய பார்வையாளர் மாடத்தில் ஓர் ஆட்டத்துக்கு 77 பவுண்டு வரையும், உயர்வகை சீசன் டிக்கெட்டுக்கு (ஒரு பருவம் முழுக்கச் சொந்த மைதானத்தில் நடக்கும் லீக் ஆட்டங்களைப் பார்ப்பதற்கான சீட்டு) 1,000 பவுண்டுக்கு மேலும் விலை அறிவித்தபோது, 2016 பிப்ரவரியில் சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். அதுவரை 2-0 என முன்னிலையில் இருந்த லிவர்பூல், வெற்றியைக் கைவிட்டு ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது தனிக்கதை. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கோரி அந்த விலையைக் கைவிட்டனர். அடுத்த பருவம் முதல் இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீகில் வெளியூர் அணி ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு என்ற உச்சவரம்பும் வந்தது. சீசன் டிக்கெட்டுக்கு அத்தகைய வரம்பு வரவில்லை; காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடப்பதால், மனம் வெறுத்து ஒருவர் விடும் இருக்கை உடனே இன்னொருவருக்குப் போய்விடும் என்பதைப் பெரிய கழகங்கள் நன்கறியும்.