சீப்பை எடுத்தாலே முகத்தை மூடிக்கொள்கிறான்

கேள்வி: எனக்கு வயது 29. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகனுக்கு மூன்றரை வயது. பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். இரவு 8 மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் காரணமே இல்லாமல் தரையில் புரண்டு அழுகிறான். என்னை அடிக்கிறான், கடிக்கிறான். ‘என்னிடம் நாள் முழுவதும் தங்கமாக இருந்தான், நீதான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்’ என்கிறார் மாமியார். சோறு தொடுவதில்லை, பால்தான் ஐந்தாறு டம்ளர். மதியம் செல்பேசி பார்ப்பான், தூங்கமாட்டான். இரவு 11 மணி ஆகிவிடும். காலை 7 மணிக்கு நான் கிளம்பும்போது விழித்துக்கொள்வான். போன வாரம் பொறுக்க முடியாமல் கரண்டிக் காம்பால் இரண்டு அடி வைத்துவிட்டேன். மறுநாள் தலைவார சீப்போடு கையை உயர்த்தியதும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் மனம் கெட்டுப்போய்விட்டதா? அடிக்காமல் வளர்க்க முடியுமா?

– வாசகி, திருப்பூர்

பதில்: கெட்டுப்போகவில்லை. ஆனால் அவன் முகத்தை மூடியதை ‘நடிப்பு’ என்று தள்ளிவிடாமல் எழுதிக் கேட்டீர்களே, நல்லது. மருத்துவரான என்னிடம் வருகிறவர்களில் அப்படித் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. இதுவரை அம்மாவின் கை உயர்ந்தால் தலை வாரும், சோறு ஊட்டும், தூக்கிக்கொள்ளும். போன வாரம் அதே கை அடித்தது. இப்போது உயரும் கை எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் முகத்தைக் காத்துக்கொள்கிறான்.

‘என்னிடம் தங்கமாக இருந்தான்’ என்று மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கும். அவர் சொல்லும் காரணம்தான் சரியில்லை. கம்பெனியில் யாராவது திட்டினால் நீங்கள் அங்கே அழுவதில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரத்தை ‘ணங்’கென்று வைப்பீர்கள். பகல் முழுவதும் உங்களைத் தேடியதை அவனும் அப்படித்தான் அடக்கி வைத்திருக்கிறான். உங்களைக் கண்டதும், இவளிடம் கொட்டலாம் என்று தெரிவதால் கொட்டுகிறான். உணர்ச்சியை அடக்கி ஆளும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். மூன்றரை வயதுப் பிள்ளையிடம் ‘அழுகையை நிறுத்து’ என்பது, காய்ச்சலைப் பார்த்து ‘இறங்கு’ என்று அதட்டுவதைப் போன்றது.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போகாதீர்கள். 15 நிமிடம் தரையில் அவனோடு உட்காருங்கள். செல்பேசி பையிலேயே இருக்கட்டும். ‘இன்றைக்குப் பாட்டியைப் படுத்தினாயா?’ என்ற விசாரணை வேண்டாம். அவன் கார் உருட்டினால் நீங்களும் உருட்டுங்கள். தோசைக்கல் கால் மணி நேரம் காத்திருக்கும் என்று மாமியாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அப்படியும் சில நாள் அழுகை வெடிக்கும். அந்த நேரத்தில் அறிவுரை காதில் ஏறாது. பக்கத்தில் உட்காருங்கள். அடிக்க வந்தால் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, ‘கோபமாக இருக்கிறாய். அடிக்க விடமாட்டேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளையை மதித்து வளர்ப்பது என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். செல்பேசி கிடையாது என்றால் கிடையாதுதான். அதற்காக அவன் அழலாம். அழுததற்காக அடி விழக்கூடாது, அவ்வளவுதான்.

‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று இந்நேரம் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அடித்தால் அழுகை அந்த நொடியே நிற்கும், மறுக்கவில்லை. நிறுத்துவது பயம். பெரிய ஆள் சின்ன ஆளை அடிக்கலாம் என்பதையும் சேர்த்தே அவன் படித்துக்கொள்கிறான். பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. ஸ்வீடன் 1979இலேயே வீட்டுக்குள் அடிப்பதையும் தடைசெய்துவிட்டது. ஆசிரியர் கைநீட்டினால் சண்டைக்குப் போகும் நாம், நம் கைக்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறோம்.

விழுந்துவிட்ட அந்த இரண்டு அடிக்கு வருகிறேன். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில், தாய்மார்களைச் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் தங்கள் கைக்குழந்தையைப் பார்க்கச் சொன்னார். குழந்தைகள் சிரித்துப் பார்த்தன, கைநீட்டின, கடைசியில் கலங்கிப்போயின. பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நன்றாக இருக்கும் தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் இசைவாக இருப்பதில்லை என்பதையும் அவர் கவனித்தார். விலகுகிறார்கள், திரும்பச் சேருகிறார்கள். இந்தத் திரும்பச் சேர்வதில்தான் உறவு வலுப்படுகிறது.

எனவே அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். நல்ல மனநிலையில் இருக்கும்போது, அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, ‘அன்றைக்கு அம்மா கரண்டியால் அடித்தேன். உனக்கு வலித்தது. அடித்தது தப்பு. இனிமேல் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்’ என்று சொல்லுங்கள். ‘ஆனால் நீயும்தானே…’ என்று இழுத்தீர்களோ, சொன்னதெல்லாம் வீண். பிள்ளையிடம் போய் மன்னிப்பா என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இனி உடம்பு. ஐந்தாறு டம்ளர் பால் என்று படித்ததுமே என் கண் அங்கே நின்றுவிட்டது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றை நிரப்பிச் சோற்றையும் விரட்டிவிடும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை நாளெல்லாம் நச்சரிக்கும். சில பிள்ளைகள் மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்னும். அழும்போது மூச்சை அடக்கி நீலம்பாரிப்பதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் பார்க்கலாம்; ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இந்த வயதில் அது ரத்தசோகை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கடையில் நீங்களாக டானிக் வாங்காதீர்கள். பாலை அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும்; உங்கள் மகனுக்குக் கிடைப்பது எட்டு. அவன் படுத்தும் பாட்டில் பாதி தூக்கக் கலக்கம் என்பது என் கணிப்பு. மதியம் செல்பேசியை நிறுத்திப் படுக்க வைப்பது மாமியாரால் ஆகக்கூடியதுதான்.

அவன் இன்னும் வாக்கியமாகப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, தலையைச் சுவரில் மோதிக் காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள். உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் அழுகையும் தொடர்ந்தால் 14416க்கு அழையுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

இதை எழுதும் எனக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. ‘அழுதால் டாக்டர் ஊசி போடுவார்’ என்று பெற்றோர் மிரட்டும்போது பல ஆண்டுகள் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லிக் குத்தியிருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பிள்ளைகள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அலறுவார்கள். இப்போது ‘கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்’ என்கிறேன். அழுகிறார்கள்தான். ஆனாலும் அடுத்த முறை உள்ளே வருகிறார்கள். புடாபெஸ்டில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் 1946இல் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், கைக்குழந்தையைத் தூக்குவதென்றாலும் முதலில் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் தூக்கினார்கள்.

உங்கள் வீட்டிலும் கொஞ்ச நாளைக்குக் கை உயருமுன் வாய் சொல்லட்டும்: ‘தலைவாரப் போகிறேன்’, ‘சட்டையைக் கழற்றுகிறேன்’, ‘மூக்கைத் துடைக்கிறேன்’. முதல் சில நாள் முகத்தை மூடத்தான் செய்வான். அப்போது கையை இறக்கிவிடுங்கள். சீப்பை அவனிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். முதலில் அவன் உங்கள் தலையை வாரட்டும்.