பிய்த்தால் நகமும் சேர்ந்து வரும்

கேள்வி: அக்கா, தங்கச்சியின் கலியாணவீட்டுக்காக ஜெல் பூச்சுப் போட்டேன். இரண்டு கிழமையில் ஓரம் கிளம்பியது, படம் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பிய்த்து எடுத்துவிட்டேன். இப்போது நகம் கடதாசி மாதிரி மடங்குகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு மறுபடி போடலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: உடனே வேண்டாம் பிள்ளை. பிய்க்கும்போது ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்குகளும் உரிந்து வந்திருக்கும், அதை எந்தக் கிறீமும் திரும்ப ஒட்டாது, வளர்ந்துதான் வர வேண்டும். விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான் வளரும், ஆக முழு நகமும் புதிதாக வர 6 மாதமளவு செல்லும். அதுவரை கட்டையாக வெட்டி வையுங்கள். இரவில் நகத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் பூசுங்கள், விலை கூடிய போத்தல் தேவையில்லை. சட்டி பானை கழுவும்போது கையுறை போடுங்கள், நகம் நீரில் ஊறி ஊறிக் காய்வதால்தான் கூடுதலாகப் பிளக்கும்.

நகம் 'மூச்சு விட' இடைவெளி வேண்டும் என்பார்கள், அது சும்மா கதை, நகத்துக்கு வேண்டியது எல்லாம் இரத்தத்தில் இருந்துதான் போகிறது. திருவிழாவுக்கு ஆசை என்றால் சாதாரண கியூட்டெக்ஸ் பூசலாம், அல்லது மருதாணி.

அடுத்தமுறை ஜெல் போட்டால் மேற்பரப்பை இலேசாக அராவி, அசிற்றோனில் நனைத்த பஞ்சை 10-15 நிமிடம் சுற்றி வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். நகத்தடித் தோலை வெட்ட விடாதீர்கள், கிருமி போகும் வழி அது. விரல் அரித்தாலோ சிவந்து வீங்கினாலோ ஜெல் ஒவ்வாமையாக இருக்கலாம், அப்போது தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.