சின்ன அரசு, குறைந்த வரி: கேட்டதற்குப் பதில்கள்

கேள்வி (கோண்டாவில்): அண்ணை, 2019இல் வரியைக் குறைத்துத்தானே இலங்கை வங்குரோத்தானது? இன்னும் குறைக்கச் சொல்கிறீர்களே!

பதில்: முதல் அடியே இதுவாகத்தான் இருக்கும் என்று தெரியும், தம்பி. அந்த டிசெம்பரில் வற் என்கிற பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதத்துக்கு இறக்கினார்கள், செலவில் கை வைக்கவில்லை. பள்ளத்தை நிரப்பக் காசை அச்சடித்தார்கள், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனுக்குக் கை விரித்தார்கள், செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. வங்கியில் ஒரு லட்சம் போட்டுவைத்த அம்மம்மாவிடம் யாரும் வரிப் பத்திரம் நீட்டவில்லை, ஆனால் ஒரு வருடத்துக்குள் அதில் நாற்பதாயிரத்தின் பெறுமதி கரைந்துவிட்டது. அதுவும் வரிதான், பாராளுமன்றத்தில் கை தூக்காமல் எடுத்த வரி. செலவைக் குறைக்காமல் வரியைக் குறைப்பது கடன் கொப்பியில் எழுதி வைப்பது மாதிரி.

கேள்வி (சாவகச்சேரி): நான் பெட்டிக்கடைக்காரன். வருமான வரியே கட்டுவதில்லை, எனக்கேன் இந்தக் கதை?

பதில்: உங்கள் போன் பில்லை எடுத்துப் பாருங்கள். கட்டணத்துக்கு மேல் வரி, அந்த வரியையும் கூட்டி அதற்கு மேல் 18 வீதம் வற். கட்டுகிறீர்கள், பெயர்தான் வேறு.

கேள்வி (இடைக்காடு): எழுபதுகளில் அப்பா வெங்காயமும் மிளகாயும் செய்து கல்வீடு கட்டினவர். 77இல் இறக்குமதியைத் திறந்துவிட எல்லாம் போனது. அதைத்தான் திரும்பக் கேட்கிறீர்களா?

பதில்: இது கஷ்டமான கேள்வி, மழுப்ப மாட்டேன். அப்பாவுக்கு விழுந்த அடி உண்மை. ஆனால் தடையால் ஏறிய அந்த விலையைக் கொடுத்தது யார்? மலையகத்தில் கொழுந்து பறித்தவளும்தான். அப்புறம், வெங்காயத்தை வெளியே நிறுத்திய அதே அரசுதான் அரிசி கொண்டுபோகிறவனை வழியில் மறித்துச் சோதித்தது, பாணுக்கு வரிசையில் நிற்க வைத்தது, பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழியும் மாவட்டமும் பார்த்து மாற்றிய தரப்படுத்தலைக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தியது. 2021இல் ஒரு வர்த்தமானியால் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, பெரும்போகம் தொடங்கிய பிறகு நவம்பரில் அந்தத் தடையைத் திரும்ப எடுத்தார்களே, அதுவும் அதே பேனாதான். அந்தப் பேனா ஒருநாளும் எங்கள் கையில் இருந்ததில்லை. அது குறைய எழுதினால் எங்களுக்குத்தான் முதல் நிம்மதி.

கேள்வி (நல்லூர்): அப்ப ஆஸ்பத்திரியையும் மூடுவீர்களோ?

பதில்: பொலிஸ், நீதிமன்றம், பாதுகாப்பு தவிர ஒன்றும் வேண்டாம் என்பவர்களும் சின்ன அரசு கேட்கிறவர்களில் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். யாழ் போதனா வைத்தியசாலையைத் தொடுவதற்கு முன் விற்றுத் தள்ள வருடக்கணக்காக நட்டத்தில் பறந்த அரச விமான சேவை இருக்கிறது.

கேள்வி (மட்டுவில்): பூட்டன் காலத்து வயல், உறுதி என் பெயரில். ஒரு துண்டில் நெல்லை விட்டு வேறு பயிர் போட ஏன் அனுமதி?

பதில்: 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம், அக்கா. நெற்காணியில் வேறு எதுவும் செய்ய எழுத்தில் அனுமதி வேண்டும். காணி உங்களுடையது, முடிவு அவர்களுடையது. என்னைக் கேட்டால் அந்தப் பிரிவைத் தூக்க வேண்டும். ஆனால் என் பேச்சைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள், கடிதம் கைக்கு வந்த பிறகு விதையுங்கள்.