கிராணி த்ரெட்ஸில் திட்டுகிறார், அக்கா மகன் எக்ஸ் கணக்கு கேட்கிறார்: முதலாளி என்ன செய்வது?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் லோரிப் போக்குவரத்து நிறுவனம் நடத்துகிறேன். ஊழியர்கள் 38 பேர். பாதிச் சரக்கு பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. போன மாதம் எங்கள் கிராணிப் பெண் (அலுவலக எழுத்தர்) ஒருவர் த்ரெட்ஸ் சமூக ஊடகத்தில், ‘ரெண்டு மாசமா ஓட்டி காசு வரல, பாஸ் மட்டும் புது காடி எடுத்துட்டார்’ என்று எழுதிவிட்டார் (ஓட்டி என்றால் கூடுதல் நேர வேலைக் கூலி, காடி என்றால் கார்). நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவருடைய முகப்புப் படத்தில் எங்கள் கம்பெனிச் சட்டை தெரிகிறது. வேலை நீக்கக் கடிதம் தயாராக இருக்கிறது. இந்த நேரத்தில் என் அக்கா மகன், நிறுவனத்துக்கு எக்ஸ் கணக்கு திறந்தே ஆகவேண்டும் என்கிறார். எல்லோருக்கும் தடை போட்டுவிடலாமா, இல்லை நாமும் இறங்குவதா? - பட்டர்வொர்த் வாசகர்

பதில்: கடிதத்தை முதலில் இழுப்பறைக்குள் வையுங்கள், ஐயா. அதற்கு முன்பு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். ஓட்டி பாக்கி உண்மையா?

கேள்வியில் அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதனால்தான் கேட்கிறேன். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாத ஊழியருக்குக் கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. அதையும் அடுத்த சம்பளக் காலம் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். இரண்டு மாத பாக்கி நிஜமென்றால், அந்தப் பெண் எழுதியது அவதூறு ஆகாது, உள்ளதைச் சொன்னதுதான். புது காடி பற்றிய வரி உங்களுக்குச் சுருக்கென்று குத்தியிருக்கும், புரிகிறது. அதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது.

அனுப்பினால் நடப்பது இதுதான். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ், நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டேன் என்று அவர் 60 நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம். தவறான நடத்தைக்காக நீக்குவதென்றாலும் முறையான விசாரணை நடத்தியிருக்க வேண்டும். நீங்கள் அதைச் செய்ததாகத் தெரியவில்லை. விவகாரம் தொழில் நீதிமன்றம்வரை போனால், த்ரெட்ஸில் கிடக்கும் அந்த ஒரு வரி நாளிதழில் வரும், அப்போது உங்கள் நிறுவனத்தின் பெயரோடு.

அதற்காக ஊழியர் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றும் சொல்ல மாட்டேன். 2011இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஃபஹ்மி ஃபாட்சில், அப்போது எதிர்க்கட்சி வட்டாரத்தில் இருந்த இளைஞர். கர்ப்பிணியான தம் தோழியை அவருடைய முதலாளிகள் சரியாக நடத்தவில்லை என்று டுவிட்டரில் (இன்றைய எக்ஸ்தான் அது) எழுதினார். சம்பந்தப்பட்ட இதழ் நிறுவனம் வழக்கறிஞரை அனுப்பியது. சமரசம் எப்படி முடிந்தது தெரியுமா? மூன்று நாட்களில் நூறு முறை, அதே டுவிட்டரில், மன்னிப்பு கேட்க வேண்டும். கேட்டார். பள்ளிக்கூடத்தில் நோட்டில் நூறு தடவை எழுதச் சொல்வார்களே, அதே மாதிரி. உலகப் பத்திரிகைகளெல்லாம் அந்தச் செய்தியைப் போட்டன. 2022 டிசம்பரில் அவர் தொடர்பு அமைச்சரானார் என்பது வேறு கதை. இதில் முதலாளிகள் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. அந்த நிறுவனத்தைக் கேள்விப்பட்டே இராதவர்கள்கூட, நூறு மன்னிப்பைப் படித்த பிறகுதான் மூலக் குற்றச்சாட்டைத் தெரிந்துகொண்டார்கள். வழக்கில் வென்று பேரைக் கெடுத்துக்கொள்ளவும் முடியும்.

சரி, தடைக்கு வருவோம். 38 பேர், 38 சொந்தக் கைத்தொலைபேசி. தடை போட்டால் எழுதுவது நிற்காது. புனைபெயரில் எழுதுவார்கள், உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். உங்களைப் பற்றிய முணுமுணுப்பு உங்கள் காதில் விழும் இடத்தில் இருப்பது நல்லதென்றே நான் நினைப்பேன்.

என் கவலை வேறு இடத்தில். உங்கள் கெலிண்டான் பையன் (லோரி உதவியாள்) ஒருவன் இரவு பத்து மணிக்குத் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் இடத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறான். ‘ஓட்டி முடியல, கண்ணு சொக்குது’ என்று எழுதிப் போடுகிறான். பாவம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவன் தோளுக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கிய பலகைத் தட்டு, பேலட், ஒன்று இருக்கிறது. அதன் லேபிளில் வாடிக்கையாளர் பெயர், பொருளின் மாடல் எண், போய்ச் சேரும் நாடு, பெட்டிகளின் எண்ணிக்கை. படத்தை விரலால் பெரிதாக்கினால் எல்லாம் படிக்கலாம். சந்தைக்கு வராத பொருளாக இருந்துவிட்டால்? பாயான் லெப்பாஸ் கம்பெனிகளோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி கட்டாயம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். கிராணியின் ஒரு வரியால் உங்களுக்கு மானக்கேடு. இந்த ஒரு படத்தால் ஒப்பந்தமே போகலாம். அதேபோல டெலிவரி ஆர்டர் தாளைப் படமெடுத்துப் போடுவதும். பெயர், முகவரி, தொலைபேசி எண் இருந்தால் அது தனிப்பட்ட தரவு, 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும்.

ஆகவே விதி ஒரு பக்கம் போதும். வேலையில் பார்த்த சரக்கு, தாள், வாடிக்கையாளர், இவை வெளியே போகக் கூடாது. சொந்த வாழ்க்கையும் சொந்தக் கருத்தும் அவரவர் பாடு, ஆனால் கம்பெனிச் சட்டையோடு வேண்டாம். இதை மலாயிலும் தமிழிலும் எழுதி, திங்கட்கிழமை காலையில் லோரிகள் கிளம்புவதற்கு முன் வாய்விட்டுப் படியுங்கள். பேலட் படம் ஒன்றைக் காட்டியே சொல்லுங்கள், பதினைந்து பக்கக் கொள்கை ஆவணத்தைவிட அது நன்றாக ஏறும். (வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த அப்படிப்பட்ட ஆவணங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊழியர் கையெழுத்து இருக்கும், படித்த அடையாளம் இருக்காது.)

இனி அக்கா மகன் விஷயம். கணக்கு வேண்டும் என்பதில் அவர் சொல்வது சரி. காரணம் மட்டும் வேறாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். லோரிக் கம்பெனிக்கு எக்ஸ் மூலம் புது வாடிக்கையாளர் வரப்போவதில்லை. நம் ஊரில் பல நிறுவனக் கணக்குகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முதலாளி படத்தோடு வாழ்த்து போட்டுவிட்டு, மிச்ச நாளெல்லாம் தூங்குகின்றன. அதற்கென்றால் வேண்டாம்.

அது உதவுவது கெட்ட நாளில். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். நடுவில் ஒரு வாகனம் கவிழ்ந்தால் உங்கள் லோரிக்குத் திரும்பவும் வழியில்லை. அந்த நேரத்தில் சாலைத் தகவலுக்கு மலேசியர்கள் பார்க்கும் இடங்களில் எக்ஸ் முக்கியமானது. பிளஸ் நெடுஞ்சாலையின் போக்குவரத்துக் கணக்கும், நெடுஞ்சாலை வாரியத்தின் கணக்கும் அங்கேதான் நெரிசலைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தொழிற்சாலைக் கிடங்கு மேலாளரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்களிடமிருந்து இப்படி ஒன்று வந்தால் எப்படியிருக்கும்?

‘பினாங்குப் பாலத்தில் விபத்து, தீவு நோக்கிய தடம் மெதுவாக நகர்கிறது. இன்று காலை பாயான் லெப்பாஸ் செல்லும் எங்கள் 3 லோரிகளும் பாலத்தில் நிற்கின்றன. ஓட்டுநர்கள் நலம். அடுத்த தகவல் 9.30 மணிக்கு.’

உங்கள் அலுவலகத் தொலைபேசி நாற்பது முறை அடிப்பதை இது நிறுத்தும். கடைசி வாக்கியம்தான் இதில் உயிர். 9.30க்கு நிலைமை மாறாவிட்டாலும், ‘இன்னும் நகரவில்லை, அடுத்தது 10 மணிக்கு’ என்று எழுதியே தீர வேண்டும். நேரம் சொல்லிவிட்டு மறப்பதைவிட எழுதாமலே இருக்கலாம். நடைமுறையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் போடுவீர்கள். தமிழிலும் போடுவதென்றால் ஒரு கணக்கைக் கவனியுங்கள். எக்ஸில் இலவசக் கணக்குக்கு எல்லை 280. 2017 நவம்பர்வரை 140தான் இருந்தது. ‘லோரி’ நமக்கு இரண்டு எழுத்து. எக்ஸ் அதை நான்காக எண்ணும், ஏனென்றால் உயிர்க்குறிகளைத் தனித்தனியாகச் சேர்க்கிறது. மேலே உள்ள செய்தியே ஏறக்குறைய 190 வரை போய்விட்டது.

கணக்கைத் திறக்கும்போது சாவி யாரிடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2013 ஜனவரியில் பிரிட்டனின் எச்எம்வி இசைக்கடை நிறுவனம் ஆட்குறைப்பு செய்தது. நீக்கப்பட்டுக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், மனிதவளத் துறையில் எங்களையெல்லாம் வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்று நிறுவனத்தின் அதிகாரபூர்வ டுவிட்டர் கணக்கிலேயே நேரடி வர்ணனை செய்தார். டுவிட்டரை எப்படி மூடுவது என்று மார்க்கெட்டிங் இயக்குநர் கேட்பது காதில் விழுகிறது என்றும் எழுதினார். கணக்கை நடத்தத் தெரிந்த ஊழியர் கையில் சாவி, மேலிடத்துக்கோ பூட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. உங்கள் அக்கா மகன் நாளை கோலாலம்பூரில் வேறு வேலைக்குப் போகலாம். அவருடைய சொந்த மின்னஞ்சலில் திறந்திருந்தால் கணக்கும் கூடவே போகும். அலுவலக மின்னஞ்சலில் திறங்கள், கம்பெனித் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள், இன்னொரு ஆளிடமும் நுழைவு இருக்கட்டும். கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) அங்கீகாரச் செயலி வழியாக வையுங்கள், அது இலவசம். குறுஞ்செய்தி வழிச் சரிபார்ப்பை 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ் கட்டணக்காரர்களுக்கு மட்டும் ஆக்கிவிட்டது.

சாவி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மலேசியாவில் சட்டமே அப்படி. சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு 2012இல் வந்தது. யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ, யார் பெயரில் இணைய இணைப்பு இருக்கிறதோ, அவர்தான் வெளியிட்டார் என்று அது அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை. 2021 பிப்ரவரியில் மலேசியாகினி, தன் செய்திக்குக் கீழே வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 5 லட்சம் வெள்ளி அபராதம் கட்ட நேர்ந்ததிலும் இந்தப் பிரிவு பேசப்பட்டது. ஆபீஸ் வைஃபையை ஓட்டுநர் ஓய்வறைக்கும் சேர்த்துத் திறந்துவிட்டிருக்கிறீர்களா? விருந்தினர் இணைப்பாகப் பிரித்துவிடுங்கள்.

தவறு நடக்கும், அதற்கும் தயாராக இருங்கள். என் கதையையே சொல்கிறேன். 2017 நவம்பர் பினாங்குப் பெருவெள்ளத்துக்குச் சில வாரங்கள் கழித்து, நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் நின்றுகொண்டு நண்பர்களுக்காக, ‘இன்னைக்கு நல்லா பஞ்சிர்!’ என்று எழுதிப் போட்டேன். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். குழம்பைச் சோற்றில் வெள்ளமாக விடச் சொல்வதைத்தான் சொன்னேன். போனது ஒரு காப்புறுதி முகவரின் கணக்கில். அதை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில், எந்த இடத்தில் வெள்ளம், காரை நகர்த்த வேண்டுமா என்று கேட்டு ஆள்கள் வந்துவிட்டார்கள். அழித்தேன், ‘அது சோற்றுக் குழம்பு, எழுதியவர் கணக்கு மாறிவிட்டார், மன்னிக்கவும்’ என்று போட்டேன். திட்டவில்லை, சிரித்தார்கள். 2011இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில் ஊழியர் ஒருவர் பீர் குடிப்பதைப் பற்றித் தவறிப்போய் எழுதியபோதும் அப்படித்தான். நாங்கள் தெளிவாகத்தான் இருக்கிறோம், சாவியைப் பிடுங்கிவிட்டோம் என்று சங்கம் வேடிக்கையாகப் பதில் போட்டு முடித்தது. ஊழியரை விரட்டவில்லை. நானும் அந்தக் குழம்புக் கதைக்குப் பிறகு வாடிக்கையாளர் கணக்குகளுக்குத் தனித் தொலைபேசி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நிறுவனத்தில் ஆபத்தான விரல் கிராணியுடையது இல்லை, உங்களுடையது. சின்ன நிறுவனத்தில் முதலாளி எழுதுவதெல்லாம் கம்பெனி எழுதியதாகவே ஆகும். பெரிய நிறுவனத்திலும்தான். டெஸ்லாவைத் தனியார் நிறுவனமாக்கப் பணம் உறுதியாகிவிட்டது என்று 2018 ஆகஸ்டில் எலான் மஸ்க் போட்ட ஒரு டுவீட்டால் அவருக்கும் கம்பெனிக்கும் தலா 2 கோடி டாலர் அபராதம், தலைவர் பதவியும் போனது. நம் ஊரில் இனம், மதம், அரச பரம்பரை மூன்றும் தொடவே கூடாதவை. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியாக இருந்தது, 2025இல் வந்த திருத்தத்தால் 5 லட்சமாகியிருக்கிறது. சிறை இரண்டு ஆண்டுவரை. இரவு பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் ஒருவர் பொதுவில் திட்டினால், ‘கன்சைன்மென்ட் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், காலையில் பார்த்துச் சொல்கிறோம்’ என்று அக்கா மகன் எழுதட்டும். நீங்கள் தூங்குங்கள்.

எக்ஸா, த்ரெட்ஸா என்று கேட்பீர்கள். நெரிசல் தகவல் எக்ஸில் இருப்பதால் உங்களுக்கு எக்ஸ். த்ரெட்ஸில் நிறுவனப் பெயரை மட்டும் பதிந்து வையுங்கள், வேறு யாரும் எடுத்துவிடாமல். அந்தக் கிராணியைக் கூப்பிட்டு ஓட்டிக் கணக்கை முடித்துக் கொடுங்கள். பதிவை அழிக்கச் சொல்லாதீர்கள். முகப்புப் படத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.