தூக்கத்தில் பல் கடிக்கிறார், குறட்டையும் விடுகிறார்: நைட் கார்டு போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ராத்திரி நறநறவென்று பல்லைக் கடிக்கிறார், குறட்டை வேறு. சில நேரம் குறட்டை சட்டென்று நின்றுபோய், அப்புறம் திணறியபடி மூச்சை இழுக்கிறார். பல் தேய்ந்திருக்கிறது, ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு போடலாம் என்கிறார் பல் டாக்டர். அது போதுமா? 7 வயதுப் பையனும் பல் கடிக்கிறான், பூச்சி மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை.

பதில்: போதாதம்மா. பல்லைவிட எனக்குக் கவலை தருவது நடுவில் நிற்கிற அந்த மூச்சுதான். அது ஸ்லீப் ஆப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நின்றுபோகும் கோளாறாக இருக்கலாம்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ காற்று நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கு வைப்போம். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை சில நொடிகள் அரைகுறையாக விழித்துக்கொள்ளும், காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. பல் கடிப்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட குட்டி விழிப்புகளை ஒட்டித்தான் வருகிறது. அதற்காகப் பல் கடிக்கிற எல்லோருக்கும் ஆப்னியா என்று நினைத்துவிடாதீர்கள். மன அழுத்தம், மது, சிகரெட், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற சில மாத்திரைகளாலும் வரும். ஆனால் குறட்டையும் திணறலும் சேர்ந்திருக்கும்போது சோதிக்காமல் விடக்கூடாது.

நைட் கார்டு பல் தேயாமல் காக்கும், அவ்வளவுதான், மூச்சுப்பாதையைத் திறக்காது. ஆப்னியா உள்ள சிலருக்கு மேல்வரிசைப் பல்லில் மட்டும் மாட்டும் கார்டால் மூச்சடைப்பு கூடியதும் உண்டு. அதனால் முதலில் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் சோதனை செய்யுங்கள். நுரையீரல் மருத்துவரோ இஎன்டி மருத்துவரோ எழுதித் தருவார், இப்போது வீட்டிலேயே செய்கிற கருவியும் இருக்கிறது. போகும்போது அவர் தூங்குவதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், பிரஷரையும் பார்த்துவிடுங்கள். மூச்சு தடைபடுவது மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 30-க்கு மேல் தீவிரம். தீவிரமென்றால் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் இயந்திரம்தான் முதல் சிகிச்சை, அதைப் போட்ட பிறகு பல் கடிப்பதும் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். லேசாக இருந்தால் கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் கருவியைப் பல் மருத்துவரே அளவெடுத்துச் செய்து தருவார், பல்லுக்கும் அது பாதுகாப்பு. அதுவரை இரவில் மது வேண்டாம், தூக்க மாத்திரை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம், பகலில் கண் சொக்குகிறது என்றால் வண்டி ஓட்ட விடாதீர்கள்.

பையன் விஷயம். வயிற்றில் பூச்சி இருந்தால் பல் கடிப்பார்கள் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வதுதான், ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாக நின்றுவிடும். அவனும் வாயைத் திறந்து வைத்துக் குறட்டை விடுகிறானா என்று மட்டும் கவனியுங்கள், அப்படியென்றால் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் வீங்கியிருக்கிறதா என்று இஎன்டி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.