ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அவுஸ்திரேலியாவில் புற்றுநோய்ச் சிகிச்சை: பிள்ளைகள் என்ன செய்யலாம், வைத்தியசாலை எதை மாற்ற வேண்டும்?

சிட்னியில் உங்களோடு இருக்கும் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, சிகிச்சையில் எதுவும் விடுபடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவும் இதே ஊரில் இதே நோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் எடுத்தவர். நான் அவருடைய மகன்.

வைத்தியர் அறையில் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். எவ்வளவு நல்ல ஆங்கிலம் உங்களுக்கு இருந்தாலும் வேண்டாம். அரச வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்து தருவார்கள். குடும்ப வைத்தியர் பரிந்துரைக் கடிதம் எழுதும்போதே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை, பெண்ணாக இருந்தால் நல்லது' என்று எழுதச் சொல்லுங்கள். வரவேற்பு மேசையில் போய் நின்ற பிறகு கேட்டால் பெரும்பாலும் தொலைபேசியில்தான் ஆள் கிடைக்கும்.

பெண் மொழிபெயர்ப்பாளர் வந்த அன்று என்னை வெளியே இருக்கச் சொன்னார் அம்மா. காயத்திலிருந்து நீர் வடிவதையும், கீமோவுக்குப் பிறகு மலம் இறுகி இரத்தம் கண்டதையும் அன்றுதான் வைத்தியரிடம் சொல்லியிருக்கிறார். மகன் காதில் விழ அதையெல்லாம் எந்தத் தாய் சொல்வார்? பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. வைத்தியர் சொல்லும் கெட்ட செய்தியை அம்மாவின் முகத்தைப் பார்த்து முழுசாகச் சொல்ல நமக்கு நா எழாது. பாதியை விழுங்கிவிடுவோம். நாட்டி (NAATI) என்ற, மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அமைப்பின் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர் சொன்னதைச் சொன்னபடி சொல்வார், வெளியே பேச மாட்டார். நம்மவர் வட்டம் சின்னது, யாராவது தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்று அம்மா பயந்தால், தொலைபேசி வழியாக வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவரைக் கேட்கலாம்.

அறைக்குள் நடப்பதை இப்படிச் சமாளித்துவிடலாம். எனக்குக் கூடுதல் கவலை வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதுதான். கீமோ எடுப்பவருக்கு உடல் சூடு 38 பாகைக்குப் போனால் உடனே வைத்தியசாலைக்கு அழைக்க வேண்டும், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தொற்று சில மணி நேரத்திலேயே ஆபத்தாகிவிடும். நம் வீடுகளில் காய்ச்சல் என்றால் என்ன செய்வோம்? இரண்டு பனடோல், ஒரு மல்லித் தண்ணீர், போர்த்திக்கொண்டு படுக்கை. பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும், தொற்று உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். தாதி இதை ஆங்கிலத் தாளாகக் கையில் கொடுத்து "விளங்கியதா?" என்று கேட்டால் அம்மா தலையாட்டத்தான் செய்வார், மரியாதைக்கு. "இரவு 2 மணிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று அவர் வாயால் சொல்ல வைத்தால்தான் விளங்கியதா என்று தெரியும். தாதி கேட்காவிட்டால் நீங்கள் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்துக்கு: 131 450 என்ற இலக்கம் டிஸ் நஷனல் என்ற அரச மொழிபெயர்ப்புச் சேவையுடையது, 24 மணி நேரமும் இயங்கும். 'தமிழ்' என்று மட்டும் சொன்னால் போதும். தமிழ் ஆள் வந்ததும் எந்த வைத்தியசாலை, எந்தப் பிரிவு என்று சொல்ல, அவர்கள் இணைத்துவிடுவார்கள். புற்றுநோயாளருக்கும் குடும்பத்துக்கும் உதவும் கான்சர் கவுன்சில் அமைப்பின் 13 11 20 இலக்கத்துக்கும் இதே வழியில் பேசலாம். பிரிவின் இலக்கத்தையும் 131 450ஐயும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, அம்மாவை ஒரு தடவை தானே அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மூச்சு முட்டல் மாதிரி அவசரம் என்றால் 000தான்.

சாப்பாட்டு ஆலோசகர் தரும் தாளில் சீஸும் தயிர் இனிப்புமாக இருக்கும். அம்மா சாப்பிடுவது இடியப்பமும் சொதியும் என்றால் அதையே சொல்லச் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, மீன் என்று அதற்குள்ளேயே புரதம் சேர்க்க வழி சொல்வார்கள். ஊரிலிருந்து வரும் சூரணம், மஞ்சள் மாத்திரை எதையும் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். கறிக்குப் போடும் மஞ்சள் வேறு. மாத்திரையாக எடுக்கும் மஞ்சளால் ஈரல் பாதிக்கப்படலாம் என்று இந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023இல் எச்சரித்தது.

அப்புறம் உங்களுக்கும் ஒன்று. 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பெட்டி தபாலில் இலவசமாக வரும். 2024 ஜூலையிலிருந்து 45 முதல் 49 வயது வரை உள்ளவர்களும் கேட்டு வாங்கலாம். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடும் வீடுகள் நம்மிடையே நிறைய.

வைத்தியசாலைகளிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. 2023 நவம்பரில் வந்த அவுஸ்திரேலியப் புற்றுநோய்த் திட்டம் பல மொழி, பல பண்பாட்டு மக்களை முன்னுரிமைப் பிரிவாகவே வைத்திருக்கிறது. அப்படியானால் மொழிபெயர்ப்பாளர் வரும் சந்திப்புக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். முன்பதிவுக் குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்புங்கள். கீமோவுக்கு மறுநாள் தாதி எடுக்கும் நலம் விசாரிக்கும் அழைப்பில் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழைத்தவுடன் ஆங்கிலத்தில் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று ஓடும் பதிவுக்குரலை, புற்றுநோய்ப் பிரிவின் இரவு இலக்கத்திலிருந்தாவது எடுத்துவிடுங்கள்.